லுவார் பள்ளத்தாக்கின் மாளிகைகளும் ஒயின் நிலவறைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சின் லுவார் ஆற்றங்கரை மாளிகைகளைப் பார்க்கப் புறப்படும் நண்பர்களும் உறவினர்களும் ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னும் சிக்கலானவை பின்னுமாக உள்ளன. ஒரு முறை சொன்னதை மறுபடி சொல்லாமல் முந்தைய பதிலைச் சுட்டுவதற்காகவே எண்கள் இடப்பட்டிருக்கின்றன.

1. லுவார் எங்கே இருக்கிறது? அங்கே மட்டும் ஏன் இத்தனை மாளிகைகள்?

லுவார் பிரான்சின் மிக நீளமான ஆறு. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடி அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. நாம் பேசுவது அதன் நடுப்பகுதியைப் பற்றி: ஓர்லேயான், புளுவா, தூர், சோமூர், ஆன்ஜே ஆகிய நகரங்களை ஒட்டிய நிலம். இதில் சுய்யி முதல் ஷலோன் வரையிலான ஏறத்தாழ 280 கிலோமீட்டர் நீளத்தை யுனெஸ்கோ 2000-ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

மாளிகைகள் இங்கே குவிந்ததற்குக் காரணம் போர். இங்கிலாந்துடனான நூறாண்டுப் போரின்போது பாரிஸ் எதிரிகளின் கைக்குப் போனது. ஏழாம் சார்ல் மன்னரின் அரசவை தெற்கே நகர்ந்து லுவார்க் கரையில் நிலைகொண்டது. போர் முடிந்த பிறகும் அடுத்தடுத்த மன்னர்கள் இந்த இடத்தை விடவில்லை. அரசர் இருக்கும் இடத்தில்தான் பதவியும் பணமும் கிடைக்கும் என்பதால் அமைச்சர்களும் கருவூல அதிகாரிகளும் அருகிலேயே வீடு கட்டினார்கள். 1520-களின் இறுதியில் முதலாம் பிரான்சுவா அரசவையைப் பாரிஸ் பக்கம் திருப்பியபோது, கட்டியவை அப்படியே நின்றுவிட்டன.

2. இவை சண்டைக்கான கோட்டைகளா, ராஜா வாழ்ந்த அரண்மனைகளா?

இரண்டும் உண்டு. ஷினோன், லோஷ், ஆன்ஜே ஆகியவை உண்மையான போர்க்கோட்டைகள். ஆன்ஜேயின் 17 கோபுரங்களும் தடித்த மதிலும் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஷெனொன்சோ, அசே-லெ-ரிதோ, ஷாம்போர் ஆகியவை 16-ஆம் நூற்றாண்டின் இன்ப மாளிகைகள். அவற்றின் கோபுரங்களும் அகழிகளும் பெருமைக்காக வைத்தவை, பகைவரைத் தடுப்பதற்காக அல்ல.

இரு வகைக்கும் இடைப்பட்ட நிலையைப் பார்க்க விரும்பினால் லாஞ்ஜேக்குப் போங்கள். தெருப்பக்கம் தூக்குப்பாலமும் கோபுரங்களுமாகக் கோட்டை முகம் காட்டும் அதே கட்டடம், முற்றத்துப் பக்கம் பெரிய சன்னல்களோடு வீட்டு முகம் காட்டுகிறது. 1491 டிசம்பரில் எட்டாம் சார்ல் மன்னரும் இன்றைய பிரான்சின் வடமேற்கில் இருந்த பிரித்தானி (Brittany) என்ற நாட்டின் சிற்றரசி ஆன்னும் திருமணம் செய்துகொண்டது இங்கேதான். பிரித்தானி பிரான்சோடு இணைவதற்கு அடிகோலிய திருமணம் அது.

3. மாளிகையைப் பார்ப்பதற்கும் ஒயினுக்கும் என்ன சம்பந்தம்? எல்லாரும் ஏன் சேர்த்தே சொல்கிறார்கள்?

இரண்டும் ஒரே கல்லிலிருந்து வந்தவை என்பதுதான் நான் தரும் பதில். இந்தப் பகுதியின் அடியில் 'துஃபோ' எனப்படும் வெளிறிய, மென்மையான சுண்ணாம்புக்கல் பரந்து கிடக்கிறது. இரும்பு உளிக்கு எளிதில் வளைந்துகொடுக்கும் கல் அது. மாளிகைகளின் வெண்ணிறச் சுவர்களும், சன்னல் விளிம்புகளில் இருக்கும் நுண்ணிய சிற்பவேலையும் இதனால்தான் சாத்தியமாயின. கல்லை வெட்டி ஆற்றில் படகேற்றிக் கொண்டுபோனார்கள். கூரைக்கு ஆன்ஜே பக்கத்துக் கறுப்புப் பலகைக்கல் அதே ஆற்றில் வந்தது.

கல் வெட்டியெடுத்த இடத்தில் பாறைக்குள் குகைகள் மிஞ்சின. கோடையிலும் குளிர்காலத்திலும் ஏறக்குறைய 12 டிகிரி வெப்பநிலையிலேயே இருக்கும் அந்தக் குகைகள் ஒயினை முதிர வைப்பதற்கு ஏற்ற நிலவறைகள் ஆயின. சிலவற்றில் காளான் வளர்த்தார்கள். சிலவற்றில் மக்களே குடியிருந்தார்கள். வுவ்ரேயிலும் சோமூரிலும் பாறை முகத்தில் கதவும் சன்னலும் புகைபோக்கியும் வைத்த வீடுகளை இன்றும் காணலாம். மாளிகையை மட்டும் பார்த்துவிட்டு நிலவறைக்குள் இறங்காமல் திரும்புகிறவர் கட்டடத்தைப் பார்க்கிறார், அது எடுக்கப்பட்ட பள்ளத்தைப் பார்ப்பதில்லை. எனவே ஒயின் அருந்தாதவர்களுக்கும் ஒரு நிலவறையையாவது பார்க்கும்படி நான் சொல்வது வழக்கம்.

4. ஒயினுக்குப் பேர்போனது போர்தோ ஆயிற்றே, அங்கேயும் நூற்றுக்கணக்கில் 'ஷத்தோ' இருக்கின்றனவே? அங்கே போகலாமா?

ஒயின்தான் முதல் நோக்கம் என்றால் போகலாம். மாளிகை பார்ப்பதுதான் நோக்கம் என்றால் லுவார். போர்தோவில் 'ஷத்தோ', அதாவது மாளிகை, என்று பெயர் தாங்கி நிற்பவற்றில் பெரும்பாலானவை திராட்சைப் பண்ணைகள். அங்கே அழகான 19-ஆம் நூற்றாண்டு வீடு இருக்கலாம், சாதாரணப் பண்ணைக் கட்டடம் மட்டும் இருக்கலாம். திராட்சை அந்தப் பண்ணையிலேயே விளைந்ததாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. கோபுரம் வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

5. பாரிசிலிருந்து காலையில் போய் இரவு திரும்பிவிடலாமா?

முடியும். மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் தூர் நகரை ஒட்டிய சேன்-பியேர்-தே-கோர் நிலையத்துக்குச் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்ச் சேரலாம். ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து புளுவாவுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். அப்படி ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் புளுவா அல்லது அம்புவாஸ் போங்கள். இரண்டு ஊரிலும் நிலையத்திலிருந்து மாளிகைக்கு நடந்தே போய்விடலாம்.

ஒரே நாளில் நான்கு மாளிகைகளைக் காட்டுவதாகச் சொல்லும் சுற்றுலாப் பேருந்துகளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் நெடுஞ்சாலையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

6. தங்குவதற்கு எந்த ஊர் நல்லது?

ரயிலை நம்பியிருப்பவர்களுக்குத் தூர். பல திசைகளுக்கும் உள்ளூர் ரயில் அங்கிருந்து கிளம்புகிறது, இரவு உணவுக்கும் குறைவில்லை. அழகும் அமைதியும் வேண்டுமென்றால் அம்புவாஸ். சிவப்பு ஒயினிலும் நுரைக்கும் ஒயினிலும் ஆர்வமுள்ளவர்கள் மேற்கே சோமூரிலோ ஷினோனிலோ தங்குவது நல்லது. கிழக்கு முனையில் இருக்கும் ஷாம்போரையும் மேற்கு முனையில் இருக்கும் ஆன்ஜேயையும் ஒரே இடத்தில் தங்கிக்கொண்டு பார்த்துவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். நான்கு இரவுகள் கிடைத்தால் இரண்டு ஊர்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

7. எங்களுக்கு அங்கே கார் ஓட்ட உரிமம் இல்லை. பஸ், ரயிலிலேயே சமாளிக்க முடியுமா?

பெருமளவு முடியும். தூரிலிருந்து ஷெனொன்சோவுக்கு உள்ளூர் ரயில் உண்டு. நிலையம் மாளிகையின் வாயிலை ஒட்டியே இருக்கிறது. அசே-லெ-ரிதோவும் ஷினோனும் ஒரே கிளைப்பாதையில் உள்ளன. லாஞ்ஜேயும் சோமூரும் ஆன்ஜே செல்லும் பாதையில் உள்ளன. அம்புவாசும் புளுவாவும் ஓர்லேயான் பாதையில் உள்ளன. ஷாம்போருக்கும் ஷெவெர்னிக்கும் ரயில் கிடையாது; சுற்றுலாப் பருவத்தில் புளுவாவிலிருந்து இணைப்புப் பேருந்து ஓடும். உள்ளூர் ரயில்கள் நகரப் பேருந்து போல அடிக்கடி வருவதில்லை என்பதால் திரும்பும் வண்டியின் நேரத்தைக் காலையிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இதைவிட நல்ல இடம் அரிது. ஆற்றையொட்டி ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளத்துக்குச் சைக்கிள் பாதை அமைத்திருக்கிறார்கள். மேடு பள்ளம் குறைவு. வாடகை சைக்கிள் எல்லாப் பெரிய ஊர்களிலும் கிடைக்கும்.

8. எந்த மாதத்தில் போனால் நன்றாக இருக்கும்?

மே, ஜூன், செப்டம்பர். ஜூலையிலும் ஆகஸ்டிலும் கூட்டம் நெரியும். மாளிகைகளின் குறுகலான படிக்கட்டுகளில் வரிசை நின்றுவிடும். குளிர்காலத்தில் பெரிய மாளிகைகள் திறந்திருந்தாலும் தோட்டங்கள் வெறிச்சோடியிருக்கும். 7-ஆம் பதிலில் சொன்ன இணைப்புப் பேருந்துகளும் பெரும்பாலும் நின்றுவிடும். கிறிஸ்துமசை ஒட்டிய வாரங்களில் மட்டும் பல மாளிகைகளை உள்ளே சிறப்பாக அலங்கரிக்கிறார்கள்.

திராட்சை அறுவடையைப் பார்க்க விரும்புகிறவர்கள் செப்டம்பரிலும் அக்டோபரிலும் வருகிறார்கள். திராட்சைத் தோட்டங்கள் அப்போது மிக அழகாக இருக்கும் என்பது சரிதான். ஆனால் அந்த வாரங்களில், திராட்சை வளர்த்துத் தாமே ஒயின் செய்யும் சிறு தோட்டக்காரர்களுக்கு உங்களோடு நின்று பேச நேரம் இருக்காது. ஏப்ரலில் போகிறவர்கள் இன்னொன்றைக் காணக்கூடும்: துளிர் விட்ட கொடிகளை இரவு உறைபனி கருக்கிவிடாமல் காப்பதற்குத் தோட்டத்தின் நடுவே பெரிய காற்றாடிகளைச் சுழல விடுவார்கள், வரிசை வரிசையாக மெழுகுப் பந்தங்களும் ஏற்றுவார்கள்.

9. ஒரு நாளைக்கு எத்தனை மாளிகை பார்க்கலாம்?

இரண்டு. காலையில் பெரியது ஒன்று, மாலையில் சிறியது ஒன்று, நடுவில் ஒரு நிலவறை. மூன்றாவதில் கால் வைக்கும்போது எல்லாக் கணப்பு அடுப்புகளும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும்.

10. ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் ஷாம்போரா, ஷெனொன்சோவா?

ஷெனொன்சோ. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஷெர் என்ற கிளையாற்றின் குறுக்கே நீரின்மேல் நிற்கும் மாளிகை அது. 1513-இல் இந்த இடத்தை வாங்கிய தொமா பொயே என்ற கருவூல அதிகாரி இத்தாலியப் போர்களின் பொருட்டு வெளியூரிலேயே இருந்ததால், கட்டுமானத்தை நின்று நடத்தியவர் அவருடைய மனைவி கத்தரின் பிரிசொன்னே. பின்னர் அது அரசுடைமையானது. 1547-இல் இரண்டாம் ஹென்றி மன்னர் அதைத் தம் காதலி தியான் தெ புவாத்தியேக்குக் கொடுத்தார். எதிர்க்கரை வரை பாலம் கட்டச் செய்தவர் தியான். மன்னர் 1559-இல் குதிரைப்போர் விளையாட்டில் பட்ட காயத்தால் இறந்ததும், பட்டத்தரசி கத்தரின் தெ மெதிசி, தியானைக் கட்டாயப்படுத்தி ஷோமோன் மாளிகையை மாற்றாகத் தந்து இதைப் பெற்றுக்கொண்டார். அந்தப் பாலத்தின் மேலேயே 60 மீட்டர் நீளக் கூடமும் எழுப்பினார். இரு பெண்களின் பெயரிலும் தனித்தனித் தோட்டங்கள் இன்றும் இரு பக்கங்களில் இருக்கின்றன. அங்கே நின்று எது அழகு என்று வழக்காடாத குடும்பம் இல்லை.

அந்தக் கூடத்துக்குப் பிற்காலக் கதையும் உண்டு. முதல் உலகப்போரில் அது காயமடைந்த வீரர்களுக்கான மருத்துவமனையாக இருந்தது; செலவை ஏற்றவர்கள் அப்போதைய உரிமையாளர்களான மெனியே என்ற சாக்லேட் உற்பத்திக் குடும்பத்தினர். இரண்டாம் உலகப்போரில் ஷெர் ஆறு ஜெர்மானியர் ஆக்கிரமித்த பகுதிக்கும் ஆக்கிரமிக்காத பகுதிக்கும் எல்லைக்கோடாக இருந்தது. முன்வாசல் ஆக்கிரமிப்பில், கூடத்தின் தெற்கு வாசல் அதற்கு வெளியே. அதன் வழியாகப் பலர் தப்பிச் சென்றார்கள். காலையில் கதவு திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள். சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்குமுன் கூடத்தின் கறுப்பு வெள்ளைத் தரை உங்களுக்கு மட்டும் கிடைக்கும்.

11. ஷாம்போர் உள்ளே காலியாகத்தான் இருக்கிறதாமே? போகாமல் விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள்; ஆனால் என்ன பார்க்கப் போகிறோம் என்று தெரிந்து போங்கள். முதலாம் பிரான்சுவா 1519-இல் தொடங்கிய வேட்டை மாளிகை அது. நானூறுக்கும் மேற்பட்ட அறைகள், 282 கணப்பு அடுப்புகள், சுற்றிலும் 5,440 ஹெக்டேர் காடு, அந்தக் காட்டைச் சுற்றி 32 கிலோமீட்டர் மதில். இத்தனையும் கட்டிய மன்னர் தம் ஆட்சிக்காலம் முழுவதும் சேர்த்து அங்கே தங்கியது சில வாரங்கள்தான்.

வெறுமைக்குக் காரணம் அக்கால வழக்கம். அரசவை ஓரிடத்தில் நிலைத்திருக்கவில்லை. கட்டில், திரைச்சீலை, பாத்திரம் எல்லாவற்றையும் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு மாளிகைக்கு மாளிகை நகர்ந்தது. மன்னர் கிளம்பியதும் அறைகள் காலியாகிவிடும். பிற்கால மன்னர்களும் உரிமையாளர்களும் சேர்த்த பொருட்கள் பிரெஞ்சுப் புரட்சியின்போது விற்கப்பட்டன. எனவே அங்கே அறைகளில் நேரம் செலவிடாதீர்கள். ஏறுபவரும் இறங்குபவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள முடியும், ஆனால் எதிர்ப்படமாட்டார்கள் என்ற வகையில் பின்னிய இரட்டைச் சுருள் படிக்கட்டையும், அது கொண்டுபோய் விடும் மேல்தளத்தையும் பாருங்கள். கோபுரங்களும் புகைபோக்கிகளும் ஒரு சிற்றூர் போல நிற்கும் அந்த மேல்தளம் ஒன்றே போதும். அறைகலன்களோடு கூடிய அறைகளைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் ஷெவெர்னி இருக்கிறது. நெடுங்காலமாக ஒரே குடும்பம் பேணிவரும் வீடு, மனிதர்கள் வாழ்ந்த தடம் அங்கே தெரியும்.

12. அந்தப் படிக்கட்டை டாவின்சிதான் வரைந்தார் என்கிறார்களே, உண்மையா?

உறுதியான ஆவணச் சான்று இல்லை. லியொனார்தோ டாவின்சி 1516-இல் முதலாம் பிரான்சுவாவின் அழைப்பின் பேரில் அம்புவாசுக்கு வந்தார். கிளோ லூசே என்ற வீட்டில் வாழ்ந்து 1519 மே 2 அன்று இறந்தார். ஷாம்போரின் கட்டுமானம் தொடங்கியது அதன் பிறகுதான். இருந்தாலும் சுருள் படிக்கட்டுகளைப் பற்றிய ஓவியக் குறிப்புகள் அவருடைய ஏடுகளில் இருப்பதால், கருத்து அவருடையதாக இருக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். கிளோ லூசேயையும், அவருடைய கல்லறை இருக்கும் அம்புவாஸ் மாளிகைச் சிற்றாலயத்தையும் அரை நாளில் பார்த்துவிடலாம்.

இன்னொரு தொடர்பும் உண்டு. 1939-இல் போர் மூண்டபோது லூவர் அருங்காட்சியகத்தின் கலைச்செல்வங்களைப் பாரிசிலிருந்து அப்புறப்படுத்தி ஷாம்போருக்குக் கொண்டுவந்தார்கள். மோனா லிசாவும் அவற்றுள் ஒன்று.

13. ஓர் இடத்தில் குழந்தைகளுக்கு இலவசம், இன்னோர் இடத்தில் கட்டணம். ஏன் இப்படி?

உரிமையாளர்கள் வேறு வேறு என்பதால். ஷாம்போர், அசே-லெ-ரிதோ, ஆன்ஜே ஆகியவை அரசுடைமை. அங்கே 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம். புளுவா நகராட்சியுடையது. ஷோமோன் மண்டல அரசுடையது. ஷெனொன்சோ, ஷெவெர்னி, வில்லாந்திரி ஆகியவை தனியாருடையவை. வளர்ந்த பிள்ளைகளுக்கு அவை கட்டணம் வாங்கும். 2026 முதல் ஷாம்போரில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியைச் சேராதவர்களுக்குத் தனியான, கூடுதல் கட்டணம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய பயணக் குறிப்புகளில் கண்ட தொகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

14. எந்தெந்த மாளிகையில் அவர்களுடைய சொந்த ஒயினே கிடைக்கும்?

எல்லாவற்றிலும் கிடைக்காது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆன்ஜே அருகே இருக்கும் பிரிசாக் ஏழு தளங்களோடு பிரான்சிலேயே மிக உயரமானது என்று பெயர்பெற்ற மாளிகை. 1502 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது, தன் தோட்டத்து ஒயினை அங்கேயே விற்கிறது. சோமூர் அருகே உள்ள பிரெசேயை நான் குறிப்பாகச் சொல்வேன். மேலே பார்த்தால் அழகான மாளிகை. 15 மீட்டருக்கும் கூடுதலான ஆழமுள்ள வறண்ட அகழிக்குள் இறங்கினால் பாறையில் குடைந்த வழிகளும், ரொட்டி அடுப்பும், பழைய திராட்சை ஆலையும் காணக் கிடைக்கும். 3-ஆம் பதிலில் சொன்னதை ஒரே இடத்தில் பார்க்க விரும்புகிறவருக்கு அதுவே போதும்.

ஷாம்போரில் 2015 முதல் மீண்டும் கொடி நட்டிருக்கிறார்கள். அவற்றுள் ரொமொராந்தன் என்ற வெள்ளைத் திராட்சையும் ஒன்று. அந்தக் கொடிகளைப் பர்கண்டியிலிருந்து வரவழைத்தவர் முதலாம் பிரான்சுவா என்பது மரபு. அந்தத் திராட்சையில் மட்டுமே செய்யப்படும் கூர்-ஷெவெர்னி என்ற ஒயினை ஷெவெர்னி மாளிகை வாயிலருகே இருக்கும் ஒயின் இல்லத்தில் பல தோட்டக்காரர்களுடைய பாட்டில்களிலிருந்து சுவைத்து ஒப்பிடலாம். வுவ்ரேக்கு அருகே வால்மர் என்றோர் இடம் உண்டு: மாளிகை 1948-இல் எரிந்துபோயிற்று, தோட்டமும் ஒயினும் மிஞ்சியிருக்கின்றன.

15. தோட்டக்காரர் வீட்டுக்கு நேரே போய் ருசி பார்க்கலாமா? வாங்காமல் வந்தால் தவறாக நினைப்பார்களா?

முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போவதே முறை. பகல் 12 மணி முதல் 2 மணி வரை உணவு நேரம்; ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும். உள்ளே நுழைந்ததும் 'போன்ஜூர்' என்று சொல்லிவிட்டுத்தான் வேறு எதையும் கேட்க வேண்டும். அதைச் சொல்லாமல் நேரே கேள்வி கேட்பதை அங்கே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

கட்டணம் வாங்கிக்கொண்டு சுவைக்கத் தருகிற இடத்தில் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டணம் இல்லாமல், வீட்டுக்காரரே நின்று அரைமணி நேரம் பேசி ஐந்தாறு பாட்டில்களைத் திறந்தார் என்றால் ஒன்றிரண்டாவது வாங்குவதுதான் பண்பு. ஓரளவு பெரிய இடமாக, கூச்சமில்லாமல் போய்வர வேண்டுமென்றால் சோமூரின் நுரைக்கும் ஒயின் நிறுவனங்களைத் தேர்ந்தெடுங்கள். 1811-இல் தொடங்கிய ஆக்கர்மன் அவற்றுள் பழமையானது. கல் வெட்டிய சுரங்கங்களின் வழியே அழைத்துச் சென்று செய்முறை முழுவதையும் காட்டுவார்கள்.

16. கொஞ்சமாகத்தானே ருசிக்கிறோம், பிறகு கார் ஓட்டினால் என்ன?

பிரான்சில் வரம்பு ஒரு லிட்டர் இரத்தத்துக்கு அரை கிராம் ஆல்கஹால். புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு 0.2 கிராம். ஐந்தாறு வகைகளை விழுங்கிச் சுவைத்தால் அரை கிராமைத் தாண்டுவது எளிது. மேசைமேல் ஒரு வாளியோ குவளையோ இருக்கும். சுவைத்ததை அதில் துப்பிவிடுவதுதான் தொழில் தெரிந்தவர்களும் செய்வது, யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். துப்புவது மனத்துக்கு ஒப்பவில்லை என்றால் அன்றைக்கு ஓட்டுபவர் சுவைக்காமல் இருக்கட்டும்.

17. எங்கள் வீட்டில் யாருமே குடிப்பதில்லை. பாதிப் பயணம் வீணாகிவிடாதா?

ஆகாது. நிலவறைகளைப் பார்ப்பதற்கு ஒயின் அருந்த வேண்டியதில்லை. பல தோட்டக்காரர்கள் புளிக்க வைக்காத திராட்சைச் சாறும் விற்கிறார்கள். 18 வயது நிரம்பாதவர்களுக்கு அதுதான் கொடுக்க முடியும். சோமூர்ப் பகுதியில் குகைக்குள் காளான் வளர்க்கும் முறையைக் காட்டும் இடங்களும் இருக்கின்றன.

வில்லாந்திரிக்கு ஒரு முழுப் பிற்பகலை ஒதுக்குங்கள். ஸ்பெயினில் பிறந்த மருத்துவரான கார்வாயோ 1906-இல் இதை வாங்கி, 16-ஆம் நூற்றாண்டு முறையிலான தோட்டங்களை மீட்டு அமைத்தார். முட்டைக்கோசும் கத்தரியும் பூசணியும் நிறம் பார்த்து நடப்பட்ட ஒன்பது சதுரங்கள் கொண்ட காய்கறித் தோட்டம் அங்கே முதன்மையானது. வசந்தத்தில் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் பயிரை மாற்றுகிறார்கள். ஷோமோனில் 1992 முதல் ஆண்டுதோறும் தோட்டக்கலை விழா நடக்கிறது.

18. அம்மாவுக்கு முழங்கால் வலி. சுருள் படிக்கட்டு ஏற முடியாது. எங்கே அழைத்துப் போவது?

வில்லாந்திரித் தோட்டம், ஷெனொன்சோவின் தரைத்தளமும் கூடமும் தோட்டங்களும், ஷோமோனின் பூங்கா. ஷெனொன்சோவில் வாயிலிலிருந்து மாளிகை வரை மரநிழல் சாலை நீளமானது. இடையிடையே உட்கார்ந்து போகும்படி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். லோஷ், ஷினோன் ஆகிய மலைமேல் கோட்டைகளையும் 11-ஆம் பதிலில் சொன்ன ஷாம்போர் மேல்தளத்தையும் அவர்களுக்காகத் தவிர்த்துவிடலாம். நிலவறைகளில் தரை ஈரமாக இருக்கும், குளிரும் உறைக்கும். கோடையிலும் ஒரு சால்வை தேவை.

19. நாங்கள் சைவம். சாப்பாடு கிடைக்குமா? ஒயின் சைவம்தானே?

சாப்பாடு கிடைக்கும், கேட்டுச் சாப்பிட வேண்டும். சோமூர்ப் பக்கத்துக் குகை உணவகங்களில் விறகடுப்பில் சுட்ட 'ஃபுவே' என்ற சிறு ரொட்டியைச் சுடச்சுடக் கொண்டுவந்து, உள்ளே வெள்ளை மொச்சையோ காளானோ வைத்துத் தருவார்கள். கூடவே வரும் 'ரியேத்' பன்றியிறைச்சி, அதைத் தனியே வைக்கச் சொல்லுங்கள். ஆட்டுப்பாலில் செய்து நடுவே வைக்கோல் செருகிய சேன்-மோர் பாலாடைக்கட்டி இந்தப் பகுதியின் சிறப்பு. ஆனால் பிரெஞ்சுப் பாலாடைக்கட்டிகளில் பாலை உறைய வைக்கப் பெரும்பாலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளையே சேர்க்கிறார்கள். கண்டிப்பான சைவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஒயின் திராட்சையில் செய்யப்பட்டாலும், கலங்கலைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீன் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை ஆகியவற்றில் ஒன்றைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். முட்டை, பால் ஆகியவற்றின் எச்சம் இருந்தால் ஐரோப்பிய விதிப்படி லேபிளில் எழுத வேண்டும். மீன் பசைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எனவே லேபிளில் ஒன்றும் இல்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். 'வீகன்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தோட்டக்காரரிடமே கேளுங்கள். களிமண் வகையால் தெளிய வைப்பவர்களும், தெளிய வைக்காமலே பாட்டிலில் அடைப்பவர்களும் நிறைய இருக்கிறார்கள்.

20. ஒரே ஊர், ஒரே திராட்சை என்று போட்ட இரண்டு வுவ்ரே பாட்டில் வாங்கினோம். ஒன்று புளித்தது, ஒன்று இனித்தது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. வுவ்ரேயின் ஷெனின் பிளாங் திராட்சையின் இயல்பே அது. சீக்கிரம் பறித்தால் கூர்மையான புளிப்பு. அக்டோபர் கடைசி வரை கொடியில் விட்டுவைத்தால் தேன் போன்ற இனிப்பு. ஆண்டின் வானிலையைப் பொறுத்து அதே தோட்டக்காரர் இனிப்பில்லாமல் ஒன்று, இனிப்பாக ஒன்று, நுரைப்பதாக ஒன்று என்று மூன்று வகையும் செய்வார். லேபிளில் 'செக்' என்றால் இனிப்பு இல்லை, 'தெமி-செக்' என்றால் இளம் இனிப்பு, 'முவாலு' என்றால் நல்ல இனிப்பு. சில பாட்டில்களில் எதுவுமே எழுதியிருக்காது. அப்போது கேட்பதைத் தவிர வழியில்லை. முதல் முறை சுவைப்பவர்களுக்குத் தெமி-செக் பிடித்துவிடும் என்பது என் அனுபவம். காரமான உணவோடும் அதுதான் ஒத்துப்போகும்.

சிவப்பு வகையில் ஷினோனும் பூர்கய்யும் கபர்னே பிரான் திராட்சையில் ஆனவை. போர்தோ சிவப்பை எதிர்பார்த்துக் குடித்தால் இலேசாக இருக்கிறதே என்று தோன்றும். சற்றுக் குளிர வைத்துக் குடித்துப் பாருங்கள். ஷினோனில் கோட்டைக்கு நேர் கீழேயே நிலவறைகள் இருப்பதால், 1429-இல் ஜோன் ஆஃப் ஆர்க் ஏழாம் சார்லைச் சந்தித்த கோட்டையைப் பார்த்துவிட்டு அதே பாறைக்குள் போய் அமரலாம்.

21. ஊருக்கு எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்? உடைந்துவிடாதா?

இந்தியாவுக்குத் திரும்பும் பயணி ஒருவர் 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். வழக்கமான பாட்டில் 750 மில்லி என்பதால் இரண்டு பாட்டில் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது 2 லிட்டரைத் தாண்டிவிடும், அதை அறிவித்து வரி கட்ட வேண்டும். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் அனுமதிக்கப்படாது என்பதால், தோட்டத்தில் வாங்கியதை விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். தோட்டக்காரரிடம் கேட்டால் தடித்த அட்டைக் குழாய் கொடுப்பார். அதைத் துணிகளுக்கு நடுவே, பெட்டியின் ஓரங்களைத் தொடாமல் வையுங்கள். நுரைக்கும் ஒயினுக்குக் கண்ணாடி தடிப்பானது, எளிதில் உடைவதில்லை.

இரண்டே பாட்டில்தான் என்றால் எதை எடுப்பது என்றும் கேட்கிறார்கள். இனிப்பான வுவ்ரே ஒன்று, கூர்-ஷெவெர்னி ஒன்று. முதலாவது பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும்; இரண்டாவது அந்த வட்டாரத்துக்கு வெளியே கடைகளில் காணக் கிடைப்பது அரிது. கோடையில் வாங்கினால் கார் பெட்டியில் வெயிலில் விட்டுவிட்டு மாளிகை பார்க்கப் போகாதீர்கள். ஊருக்குக் கொண்டுவரும் பாட்டில்களை வாங்குவதைப் பயணத்தின் கடைசி நாளில் வைத்துக்கொள்வது நல்லது.